கந்தையில் எழுதியவர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்று ஒரே பெயர் இட்ட மொழி தமிழ். பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் இப்பெயர்ப் பொருத்தத்தை விரித்துரைக்கிறார். சொல்தான் பஞ்சு; செய்யுள்தான் இழை; புலவனே நூற்கும் பெண்; அவள் கை செய்யும் வேலையை இவன் வாய் செய்கிறது; அவள் கதிர் செய்யும் வேலையை இவன் மதி செய்கிறது. பள்ளி நாள் முதலே கேட்டுப் பழகிய உவமை இது. பழக்கத்தினாலேயே ஒரு கேள்வி எழாமற் போகிறது. உவமை நூற்பதோடு நின்றுவிடுகிறதே! நூற்ற இழை துணியாகி, துணி ஆடையாகி, உடுத்தித் துவைத்து வெளுத்துக் கிழிந்து கந்தையான பிறகு அதன் கதை என்ன? இலக்கணம் வகுக்க வந்தவருக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். அவர்கள் எழுத்தறிவு பெற வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் வழி வந்த பெண்கள். குளிருக்கு அஞ்சிய தாய்மார்கள். இன்றைய உரை அவர்களைப் பற்றியது.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம். அதில் வில்காக்ஸ் மாவட்டம். அலபாமா ஆறு அங்கே ஒரு பெரும் வளைவு வளைந்து செல்கிறது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த அந்த நிலத்திடலுக்குக் கீஸ் பெண்ட் என்று பெயர். கீ என்பவரின் வளைவு என்பது பொருள். 1816-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் கீ அங்குப் பருத்தித் தோட்டம் அமைத்தார். பின்னர் அத்தோட்டம் ஒரு கடன் தீர்வையாக மார்க் பெட்வே என்ற உறவினர் கைக்கு மாறிற்று. அவர் 1846-இல் ஏறத்தாழ நூறு அடிமைகளை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அலபாமா வரை நடத்திக் கொண்டு வந்தார். அந்த நூறு பேரின் வழித்தோன்றல்களே இன்றும் அங்கு வாழ்வோர். ஆண்டானின் குடும்பப் பெயரே அவர்களுக்கும் பெயராயிற்று. ஊரில் பாதிப் பேர் பெட்வே. ஒருவருக்கொருவர் உறவில்லாத பெட்வேக்களும் உண்டு. பெயர் இரத்தத்தால் வந்ததன்று.

அடிமை முறை ஒழிந்தும் நிலம் அவர்களுடையதாகவில்லை. வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் உணவுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரத்து வணிகரிடம் கடன் வாங்கினார்கள். பருத்தி விலை சரிந்தபோது கடன் ஏறிற்று. 1932-இல் அந்த வணிகர் இறந்ததும் அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக ஊரில் இருந்தவற்றையெல்லாம் வாரிச் சென்றனர். மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சேமித்து வைத்த தானியம், எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பங்கீட்டால் அவர்கள் கடந்தனர். 1937-இல் அரசின் சார்பில் ஆர்தர் ரோத்ஸ்டைன் என்ற நிழற்படக் கலைஞர் அங்குச் சென்றார். அவர் எடுத்த படங்களில் மரக்கட்டை வீடுகளின் உட்சுவர் முழுதும் செய்தித்தாளும் பத்திரிகைத் தாளும் ஒட்டியிருப்பதைக் காணலாம். காற்று புகாமல் அடைப்பதற்காக ஒட்டியவை அவை. அழகழகான ஆடை அணிந்த நகரத்துப் பெண்களின் விளம்பரப் படங்கள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றின் கீழே அமர்ந்திருப்பவர்கள் உடுத்தியிருப்பது ஒட்டுப்போட்ட துணி. அந்நாளில் நாகரிக ஆடை அந்த ஊருக்குள் வந்தது பெரும்பாலும் இப்படித்தான்; சுவரை அடைக்கும் தாளாக.

குளிரை அடைக்கும் மற்றொரு வழி போர்வை. ஆங்கிலத்தில் குயில்ட் என வழங்கும் ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே துண்டுதுண்டாக இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல். கீஸ் பெண்டில் மேல்துணிக்குப் பயன்பட்டவை கிழிந்த வயல் உடுப்புகள், மாவுச் சாக்கு, உரச் சாக்கு, பழைய பாவாடை. நடுப்பஞ்சு பருத்தி அரைவை ஆலையின் தரையில் கூட்டி எடுத்தது. அதைக் கோலால் அடித்துத் தூசி நீக்கிப் பரப்புவார்கள். பருத்தியை விதைத்தவர்களும் களை எடுத்தவர்களும் பறித்தவர்களும் அவர்களே. தமக்கென மிஞ்சியது கூட்டிய பஞ்சு. அந்தப் போர்வைக்கும் ஆயுள் முடிவு உண்டு. நைந்துபோன போர்வையைக் கோடை இரவுகளில் கொளுத்திப் புகைய விட்டுக் கொசு விரட்டினார்கள். பிற்காலத்தில் அருங்காட்சியகங்கள் தேடி அலைந்த பொருளில் ஒரு பகுதி இவ்வாறு புகையாகப் போயிற்று. இதற்காக வருந்துவோர் கொசுக்கடியில் உறங்கிப் பார்த்திராதவர்கள்.

தமிழ் வீடுகளில் தாயின் பழஞ்சேலை தூளியாவதை அறியாதவர் இல்லை. புதுத்துணியில் தூளி கட்டுவோர் அரிது. உடுத்தி மென்மையான துணியே குழந்தைக்கு ஏற்றது என்பர். தாயின் வாசம் அதில் இருக்கும் என்பதும் சொல்லப்படுவதுண்டு. அந்த அறிவுக்குத் தொலைவில் இல்லை கீஸ் பெண்டுப் பெண்களின் அறிவு.

இனி ஒரு போர்வையைச் சற்று நின்று பார்ப்பது தகும். மிசூரி பெட்வே என்ற பெண் தன் கணவர் நதானியல் இறந்தபின் 1942-இல் தைத்தது அது. கணவர் விட்டுச் சென்றவை வயலில் உடுத்திய உடுப்புகள். அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு மிசூரி கண்ட விடையை மகள் ஆர்லோன்சியா பின்னாளில் எடுத்துரைத்திருக்கிறார். அவரை நினைவிற் கொள்ளவும், அவர் அன்பின் கீழ் ஒடுங்கிக் கொள்ளவும் அந்த உடுப்புகளைப் போர்வையாக்கப் போவதாகத் தாய் கூறினாராம். வெளுத்த நீலம், சாக்குத்துணியின் மங்கல் வெண்மை, கார்டுராய்த் துண்டுகள். கட்டங்களும் பட்டைகளுமாக அவை இணைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் ஆள் உயரத்துக்கும் சற்றுக் கூடுதலான நீளம். வயல் உடுப்பால் ஆன போர்வைகளில் ஓர் இயல்பு உண்டு. வெயில் பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறு நிறம் கொள்ளும். முழங்கால் மடங்கித் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும். பை தைத்திருந்த இடம், பை பிரிக்கப்பட்டபின், தொடக்க நாளின் அடர்நீலத்தோடு ஒரு சதுரமாகத் தெரியும். இந்த நிறங்களைச் சாயக்காரன் தோய்த்ததில்லை. உழைத்த உடம்பு தோய்த்தது. கையறுநிலை என்னும் துறையை அறிந்த அவைக்கு இந்தப் போர்வை எந்த வகையைச் சார்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கையறுநிலைப் பாட்டைப் பாடியபின் இரவில் போர்த்திக் கொள்ள இயலாது.

மேரி லீ பெண்டால்ஃப் 1935-இல் அவ்வூரில் பிறந்தவர். துணியைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்துப் பேசியவர். ஆற்றைக் கடக்கும் படகைப் பற்றியும் அவர் வாழ்வைப் பற்றியும் 1999-இல் ஒரு நாளிதழில் வந்த நெடுங்கட்டுரை அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பழைய உடுப்பில் அதை உடுத்தியவரின் ஆவியும் அன்பும் தங்கியிருக்கின்றன என்பது அவர் கருத்து. தாம் தைக்கும் போர்வைக்குள் அந்த இரண்டும் வரவேண்டும் என்பதே அவர் நாடியது. கடைத்துணியை வெட்டித் தைப்பதில் அவருக்கு நாட்டம் இல்லாமற் போனதற்கு வறுமை மட்டும் காரணமன்று. எங்கு நோக்கினும் போர்வைக்குரிய வடிவம் இருக்கிறது என்றும் அவர் கூறுவதுண்டு. வீட்டுச் சுவர், வேலி, எதிரே நடந்து போகும் ஒருவரின் சட்டை, எல்லாம் அவருக்குப் பாடங்களே.

அதே ஊரில் லொரெட்டா பெட்வே. 1942-இல் பிறந்தவர். தையல் தமக்குப் பிடிக்காத வேலை என்று வெளிப்படையாகச் சொன்னவர். குழந்தைகளுக்குக் குளிர்; வேறு வழியில்லை; ஆதலால் தைத்தார். ஆண்களின் பழைய உடுப்புகளைக் கொண்டு நெடும்பட்டைகளாக அவர் இணைத்த போர்வைகளின் முன் நிற்போர் பேச்சற்றுப் போகின்றனர். விருப்பத்தோடு செய்வதே கலை என்று கூறித் திரிவோர்க்கு லொரெட்டா ஓர் இடறல். 2015-இல் மேரி லீ, லொரெட்டா, லூசி மிங்கோ ஆகிய மூவர்க்கும் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது வழங்கப்பட்டது.

இப்பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்தார்களா என்றால், ஆம், பார்த்தே செய்தார்கள். போர்வைகளை வெயிலில் உலர்த்தும் நாளில் ஊர்ப் பெண்கள் நடந்து சென்று ஒருவர் கொடியை மற்றவர் பார்ப்பது வழக்கம். கூரைமுகடு என்று ஒரு வடிவம் அங்கு உண்டு. ஒரு சதுரத்தைச் சுற்றி ஒரு சதுரம், அதைச் சுற்றி இன்னொன்று என விரிவது. சோம்பேறிப் பெண் என்று ஒரு வடிவம். நெடும்பட்டைகளை அடுத்தடுத்து வைப்பதோடு முடிவது. (பெயரிட்டவர் எவரோ, நகைச்சுவை அறிந்தவர்.) ஊர் முழுதும் கூரைமுகடு தைத்தது. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஒருத்தியின் நடுச்சதுரம் ஓரத்துக்குப் போயிருக்கும். ஒருத்தியின் பட்டை பாதி வழியில் நிறம் மாறியிருக்கும், துணி தீர்ந்துபோனதால். இவ்வாறு தன் போக்கில் செய்தலை அவர்கள் 'என் வழி' என்றே குறித்தனர். முன்னோர் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்வருவோன் தான் வேண்டும் விகற்பத்தைச் சேர்ப்பது வழிநூல் என்று நன்னூல் இலக்கணம் கூறுகிறது. விகற்பம் இல்லாவிடில் அது வழிநூல் ஆகாது, படியெடுப்பு. கூரைமுகடு எவருக்கும் உரிமையான வடிவமன்று. அதை எவரும் களவாடவும் இயலாது. அந்த விகற்பம்தான் ஒவ்வொருத்திக்கும் உரியது.

படியெடுப்பு அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. வந்த வழி விசித்திரமானது. நல்லெண்ணத்தின் வழியாகவே வந்தது.

1960-களில் கீஸ் பெண்டு மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்ய முற்பட்டனர். பதிவு செய்யும் இடம் அக்கரையில் கேம்டன் நகரில். 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எதிரே தெரியும் ஊருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். அவ்வாண்டின் இறுதியில் ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அப்பகுதியில் சென்றபோது ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் தொங்குவதைக் கண்டார். அந்தக் காட்சியிலிருந்து 1966-இல் பிறந்தது விடுதலைத் தையற் கூட்டுறவு. நியூயார்க்கில் போர்வைகள் ஏலத்துக்கு விடப்பட்டன. பெருநகர அங்காடிகள் வாங்க முன்வந்தன. நாகரிக ஏடுகள் புகழ்ந்தன. வாக்குப் பதிவு செய்த குற்றத்துக்காக நிலத்திலிருந்து துரத்தப்பட்ட சில குடும்பங்களுக்குக் கூட்டுறவு தன் நிலத்தில் மனை கொடுத்தது. கையில் தம் பெயருக்குக் காசோலை வாங்கிய பெண்களுள் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் காசோலை. இதைக் குறைத்து மதிப்பிடுவது அழகன்று.

ஆனால் அங்காடிக்கு ஒரு விதி உண்டு. பட்டியலில் உள்ள படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவருக்குப் படத்தில் உள்ள பொருளே போய்ச் சேரவேண்டும். நூறு போர்வை என்றால் நூறும் ஒன்றுபோல். கோணிய ஓரம் ஆகாது. துணி தீர்ந்து நிறம் மாறுவது ஆகாது. மரத்தின் கோட்டத்தைக் காட்டித் தீர்க்கும் தச்சனின் நூலையும் நன்னூல் உவமை சொல்கிறது; மனக்கோட்டம் தீர்ப்பது நல்ல நூலின் மாண்பு என்று. கூட்டுறவின் மேசை மேல் அந்த நூல் ஓயாமல் அடிக்கப்பட்டது. மேசையில் நேர்கோடாகத் தைத்த அதே பெண்கள் மாலையில் வீட்டுக்குப் போய்த் தம் படுக்கைக்குக் கோணலாகத் தைத்தனர். நேராகத் தைக்கத் தெரியாமையால் எழுந்த கோணல் என்று பின்னாளில் எண்ணியவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். வளைவு என்பதே பெயராக உடைய ஊரின் பெண்கள் கோட்டத்தைத் தெரிந்தே வைத்திருந்தார்கள்.

1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரக் கூட்டுறவோடு ஒப்பந்தம் செய்தது. பொன்மஞ்சள், அவகாடோ இலைப்பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு முதலிய அக்காலத்து நாகரிக நிறங்களில் துணி சுருள்சுருளாக வந்திறங்கிற்று. உறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தையல். தனிக்கற்பனைக்கு அங்கே அணுவளவும் இடமில்லை. வெட்டியது போக மிஞ்சிய நறுக்குகளைப் பெண்கள் மூட்டையாகக் கட்டி ஊருக்குக் கொண்டு சென்றனர். கார்டுராய் முரட்டுத் துணி, வரிவரியாகத் தடித்தது, சிறு துண்டுகளாக்கி நுணுக்க வேலை செய்ய வளைந்து கொடுக்காது. ஆகவே பெருங்கட்டம், அகன்ற பட்டை, அருகருகே அடித்து நிற்கும் நிறம். வரிகளின் திசை மாறினால் ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாக ஒளிர்வதையும் கண்டுகொண்டனர். மா வில்லி ஏப்ரம்ஸ் 1975-ஐ ஒட்டித் தைத்த உரோமப் பட்டை என்னும் போர்வை அவ்வகையில் பிறந்தது. படியெடுப்புத் தொழிலின் கழிவிலிருந்து படியெடுக்க இயலாத ஒன்று. வயல் உடுப்பு குறைந்துவந்த காலத்தில் ஊருக்கு வேறொரு கந்தை கிடைத்தது எனலாம். இந்தக் கந்தையில் உடுத்தியவரின் வியர்வை இல்லை. தைத்தவரின் பகற்பொழுது இருந்தது.

இங்கே பாரிசு நகரத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது பொருந்தும். மாதலீன் வியொனே என்ற பெரும் ஆடைக் கலைஞர் 1920-களில் தம் ஆடைகளைப் பிறர் திருட்டுப் படி எடுப்பதற்கு எதிராகக் கடுமையாகப் போராடினார். ஒவ்வோர் ஆடையையும் கண்ணாடியின் முன் நிறுத்தி முன்னும் பின்னும் பக்கமும் தெரியப் படம் எடுத்து ஆவணப்படுத்தினார். ஆடையின் உள்ளே தைக்கும் பெயர்த்துணியில் தம் பெருவிரல் ரேகையைப் பதித்தார். அதே நகரில் கோக்கோ சனேல் படியெடுப்பைப் பற்றி அவ்வளவாகக் கவலை கொள்ளவில்லை; தெருவில் தம் பாணி நடமாடுவதை வெற்றியின் அடையாளமாகவே கொண்டார். இருவரும் அவரவர் நிலையில் நின்று பேசக் கூடியவர்கள். இருவருக்கும் கடை இருந்தது. கதவில் பெயர் இருந்தது. கீஸ் பெண்டின் போர்வைகளில் பெருவிரல் ரேகை இல்லை. கையெழுத்தும் இல்லை. யாருடையது என்பது ஊருக்குத் தெரியும்; அது போதுமானதாக இருந்தது, போர்வை ஊருக்குள் இருந்த வரையில்.

ஊரை விட்டு அது வெளியேறிய கதை சுருக்கமாகவே சொல்லத் தக்கது. ஆனி மே யங் என்ற மூதாட்டி 1976-இல் தைத்த போர்வை ஒன்று; சுற்றிலும் வெளுத்த வயல் உடுப்பு, நடுவே எரிவது போன்ற கார்டுராய்ப் பட்டைகள். விறகுக் குவியலின் மேல் அது விரித்திருந்த நிழற்படத்தை ஒரு நூலில் கண்ட அட்லாண்டாச் சேகரிப்பாளர் ஒருவர் 1998-இல் ஊரைத் தேடி வந்தார். நூற்றுக்கணக்கில் வாங்கினார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் அதன்பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி. மத்தீஸ், கிளே ஆகிய ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். உயர்த்தவே அவ்வாறு எழுதினார்கள் என்றாலும் அந்த ஒப்பீட்டில் ஒரு சிறுமை இருக்கிறது. மத்தீசை அறியாமலேயே அவரைப் போலச் செய்துவிட்டார்கள் என்ற வியப்பு அதன் அடியில் ஒலிக்கிறது. மத்தீஸ் துணி நெய்வோர் நிறைந்த ஊரில் வளர்ந்தவர் என்பதும், வாழ்நாள் முழுதும் துணிகளைச் சேர்த்து வைத்து அவற்றைப் பார்த்து வரைந்தவர் என்பதும் அந்த வியப்புக்கு நினைவில்லை.

2006-இல் பத்துப் போர்வைகள் அஞ்சல் தலைகளாயின. கம்பளம், படுக்கை விரிப்பு, தாள் என வீட்டுப் பொருள்களின் மேல் அவ்வடிவங்கள் ஏறின. 2007-இல் ஆனி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட மூவர் நீதிமன்றம் சென்றனர். தம் வடிவங்களுக்கும் பெயருக்கும் உரிய பங்கு தமக்குக் கிடைக்கவில்லை என்பது வழக்கு. எதிர்த்தரப்பு அதை மறுத்தது. 2008-இல் சமரசம் ஏற்பட்டது. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்து தீர்ப்புக் கூறுவது எளிதன்று. முன்பு விறகின் மேல் கிடந்த பொருளுக்கு வழக்காடும் அளவு மதிப்பு வந்ததே அந்தச் சேகரிப்பாளரால்தான் என்பதும் உண்மை. மதிப்பு வந்தபின் அதைத் தைத்த கைக்கு எவ்வளவு என்ற கேள்வி மறையாது என்பதும் உண்மை.

2018-இல் மிஷேல் ஒபாமாவின் உருவப்படம் திறந்து வைக்கப்பட்டது. ஏமி ஷெரால்ட் வரைந்த அப்படத்தில் அகன்று விரிந்த வெண்ணிறப் பாவாடையின் வடிவங்கள் கீஸ் பெண்டை நினைவூட்டியதாக ஓவியரே கூறினார். பெயர் சொல்லிக் கடன்பட்டதால் அதில் குறை காண்பதற்கில்லை. பெயரைச் சொல்வதும் போதாமற் போகும் இடம் ஒன்று உண்டு. 2024-இல் ஒரு பெரும் அங்காடி நிறுவனம் அவ்வூர்ப் பெண்கள் ஐவரின் பெயரோடும் முகத்தோடும் ஆடைகளும் வீட்டுப் பொருள்களும் விற்றது. பெயர் மறைக்கப்படவில்லை. ஆயினும் அவர்களுக்குத் தரப்பட்டது ஒரே தடவைத் தொகை, விற்பனையில் பங்கன்று. ஒட்டுத் தையல் போலத் தோன்றும் வடிவம் துணியில் அச்சிடப்பட்டிருந்தது. சில வாரங்களில் அலமாரி காலியாகி வேறு பருவத்தின் பொருள் வந்தது.

கவிஞர்கள் இவ்விடத்தில் ஊன்றி நோக்கத் தக்கது ஒன்று. அந்த அச்சுத் துணியில் வடிவம் தவறாமல் இருந்தது. நிறம் பொருந்தி இருந்தது. எது இல்லை? ஒட்டுப்போர்வையில் ஒவ்வொரு கோடும் உண்மையில் ஒரு விளிம்பு. இரண்டு வெவ்வேறு துணிகள், இரண்டு வெவ்வேறு உடுப்புகள், சிலபோது இரண்டு வெவ்வேறு மனிதர்கள் சந்திக்கும் இடம். கோடு அங்கே வளைந்தது முழங்கால் தேய்ந்த பகுதியைத் தவிர்த்து வெட்டியதால். பட்டை குறுகியது பாவாடையின் மடிப்பு அவ்வளவே கொடுத்ததால். அச்சில் அந்தக் கோடு எதனோடு எதையும் இணைக்கவில்லை. யாப்பு என்றால் கட்டுதல் என்று பொருள். கட்டப்படும் பொருள் இல்லாமல் கட்டின் வரிவடிவத்தை மட்டும் தாளில் இறக்குவது எவ்வளவு எளிது என்பதை இந்த அவையில் அறியாதவர் இருக்க மாட்டார்கள். வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கவிதைகளிலும் அத்தகைய அச்சுத் துணி சில இருந்திருக்கக் கூடும். அவற்றின் கோடுகளும் நேர்த்தியாகவே இருந்திருக்கும்.

மறுபுறம், படி என்றாலே பழி என்று ஒதுக்குவதற்கும் இந்த ஊரின் வரலாறு இடம் தருவதாக இல்லை. மேரி லீயும் அவர் மருமகள் லூசியானா பெண்டால்ஃபும் 2005-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஓர் அச்சுக்கூடத்துக்கு அழைக்கப்பட்டனர். சிறு ஒட்டுத்துணி ஒன்றைத் தைத்து, மென்மெழுகு பூசிய செப்புத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினார்கள். தையலின் புடைப்பும், நெசவின் இழையும், துணியின் சுருக்கமும் அப்படியே தகட்டில் பதிந்தன. அதுவும் படிதான். தாளில் ஏறியது படமன்று, தடம். லூசியானாவுக்கு அதற்கு முன்னரே ஒரு திருப்பம் நேர்ந்திருந்தது. தையலை விட்டு விலகியிருந்த அவர் 2002-இல் ஹூஸ்டன் கண்காட்சிக்குச் சென்று, தம் குடும்பத்து மூதாட்டியரின் போர்வைகள் சுவரில் தொங்குவதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் வடிவங்கள் மனத்தில் எழத் தொடங்கின. தாளை எடுத்து வரைந்து வைத்தார். நின்றுவிடும் என்று எண்ணினார், நிற்கவில்லை. தைத்தவற்றுள் பல கூரைமுகடுகள். மூதாட்டியரின் அதே வடிவம், மையம் மட்டும் நழுவி நழுவி.

மேரி லீ 2003-இல் தைத்த ஒரு போர்வைக்கு ஆவிப் பைகள் என்ற பொருள்படும் பெயர் உண்டு. பழைய ஜீன்ஸ் உடுப்புகளிலிருந்து பைகளைப் பிரித்தெடுத்தபின் அவை இருந்த இடத்து நிழல்கள் அதில் தெரிகின்றன. பிறர் வேண்டாம் என்று ஒதுக்கிய உடுப்புகளை அவர் விரும்பி ஏற்றார். பெரும்பாலான தையற்காரர் அந்த நிழலை மறைத்துத் தைத்திருப்பர். அல்லது அப்பகுதியை வெட்டி எறிந்திருப்பர்.

ஆற்றுப் படகு 44 ஆண்டுகள் கழித்து 2006-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கூட்டுறவு 2012-இல் மூடப்பட்டது. 2021 முதல் ஊர்ப் பெண்கள் பலர் இடையாட்கள் இன்றிக் கணினி வழியே தம் பெயரில் தம் போர்வைகளை விற்கின்றனர். விலையைத் தாமே குறிக்கின்றனர். 2022 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஊரில் போர்வை உலர்த்தும் விழா நடைபெற்று வருகிறது. வேலியிலும் திண்ணைக் கிராதியிலும் மரத்துக்கு மரம் கட்டிய கொடியிலும் போர்வைகள் தொங்குகின்றன. வெளியூரார் பேருந்திலும் காரிலும் வந்து, ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று பார்த்து, இது யார் தைத்தது என்று கேட்கின்றனர். கொடிக்கு அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் விடை கூறுகிறார். தாம் என்றோ, தாய் என்றோ, தாயின் தாய் என்றோ. சில துண்டுகளைத் தொட்டுக்காட்டி, அது யாருடைய சட்டை என்பதையும் கூறுகிறார்.